நியமித்தவருக்கு வழக்கு சொந்தமல்ல

அமெரிக்க நீதி அமைச்சகத்தில் அரசியல் தலையீடு நிகழ்ந்ததாகக் குற்றச்சாட்டு எழும்போதெல்லாம், அந்நாட்டின் சட்ட அறிஞர்களில் ஒரு சாராரும் ஆட்சியிலிருக்கும் கட்சியின் ஆதரவாளர்களும் ஒரே விடையைத்தான் முன்வைக்கின்றனர்: அரசு வழக்கறிஞர்களை நியமிப்பவர் அதிபர், நீக்குபவரும் அவரே, ஆகவே தமக்குக் கீழுள்ள துறைக்கு அவர் ஆணையிடுவதைத் தலையீடு என்று சொல்வதே பொருந்தாது. பொதுமக்களில் பலரும் ஏற்றுக்கொண்டுவிட்ட இந்த நம்பிக்கை பாதி உண்மையின் மீது கட்டப்பட்டது என்பதாலேயே முழுப் பொய்யைவிடக் கூடுதலான கேட்டை விளைவித்து வருகிறது.

நீதிமன்றங்களை இங்கு பேசப்படும் அமைச்சகத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. அட்டர்னி ஜெனரல் என்னும் பதவி 1789ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1870இல் அப்பதவிக்குக் கீழ் ஒரு தனி அமைச்சகம் அமைக்கப்பட்டது. நாடு 94 கூட்டாட்சி நீதி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, 93 கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் அவற்றில் பணியாற்றுகின்றனர். அதிபர் பெயரை முன்மொழிய, நாடாளுமன்றத்தின் மேலவையாகிய செனட் ஒப்புதல் அளிக்க, நான்காண்டுக் காலத்துக்கு நியமிக்கப்படும் இவர்களை அதிபர் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று சட்டமே கூறுகிறது. நம்பிக்கையின் உண்மைப் பாதி இதுதான். அதை மறுப்பவர் எவருமில்லை.

அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் தவறானது. போதைப்பொருள் வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுப்பதா, நிதி மோசடிகளுக்குக் கொடுப்பதா என்பதுபோன்ற கொள்கை முடிவுகளை வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி எடுப்பது முறையே. ஆனால் இன்னார்மீது வழக்குத் தொடுக்க வேண்டும், இன்னாரை விட்டுவிட வேண்டும், அதுவும் தேர்தலுக்கு முன்பே செய்ய வேண்டும் என்று ஆணையிடுவது கொள்கை வகுப்பதாகாது. அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு, சட்டங்கள் நேர்மையாக நிறைவேற்றப்படுவதை உறுதி செய்யுமாறு அதிபரைப் பணிக்கிறது. அது அவர்மீது சுமத்தப்பட்ட கடமையே தவிர, சட்டத்தை யார்மீது ஏவலாம் என்று தேர்ந்துகொள்ள அளிக்கப்பட்ட உடைமை அன்று. கோயில் அறங்காவலரை நியமிக்கும் அதிகாரம் உள்ளவருக்கு உண்டியல் பணம் சொந்தமாகிவிடாது.

அரசு வழக்கறிஞரின் கையிலுள்ள அதிகாரம் எத்தன்மையது என்பதை 1940 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்சன் தம் கீழிருந்த வழக்கறிஞர்களுக்கு ஆற்றிய உரையில் விளக்கினார். சட்டப் புத்தகங்களில் குற்றங்கள் ஏராளமாக இருப்பதால், குற்றத்தைக் கண்டுபிடித்துச் செய்தவரைத் தேடுவதற்குப் பதிலாக, ஆளை முதலில் தேர்ந்துகொண்டு அவருக்கேற்ற குற்றத்தைத் தேடுவதே இப்பணியின் மிகப் பெரிய ஆபத்து என்று அவர் எச்சரித்தார். அமைச்சகம் முழுவதும் அதிபரின் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்னும் கோட்பாட்டின் மூலநூலாகக் கருதப்படுவது, 1988ஆம் ஆண்டின் மாரிசன் எதிர் ஓல்சன் வழக்கில் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா தனித்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பாகும். அந்தத் தீர்ப்பே ஜாக்சனின் இவ்வெச்சரிக்கையை விரிவாக எடுத்தாள்கிறது என்பதை அக்கோட்பாட்டின் இன்றைய ஆதரவாளர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

தலையீடு நிகழ்ந்தாலும் நீதிமன்றம் திருத்திவிடும் என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால் கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் தண்டிக்கப்படுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முழு விசாரணை நடைபெறாமலேயே அரசுத் தரப்புடன் பேசி முடித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களே. ஒரு சார்பாகத் தேர்ந்தெடுத்து வழக்குத் தொடுத்தனர் என்று எவரேனும் முறையிட்டால், அதை மெய்ப்பிக்க அவர் தாண்ட வேண்டிய தடை மிக உயரமானது என்பதை 1996ஆம் ஆண்டின் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் உச்ச நீதிமன்றமே நிறுவியது. அரசு அதிகாரிகள் முறைப்படியே நடந்துகொண்டிருப்பார்கள் என்னும் அனுமானமே அதற்கு அடிப்படை. தலையீடு வழக்கமாகிவிட்டால் இந்த அனுமானம் நிற்பதற்கு இடமில்லாமல் போகும். அப்போது நேர்மையாகத் தொடுக்கப்பட்ட வழக்கும் ஐயத்தின் நிழலில்தான் நின்றாக வேண்டும். தொடுக்கப்படாத வழக்கின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது: எந்த நீதிபதியின் முன்பும் அது வருவதேயில்லை.

தலையீடு எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவது 2006ஆம் ஆண்டு நிகழ்வு. அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று ஏழு கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் பதவி விலகுமாறு பணிக்கப்பட்டனர். அதற்கு முன்பே விலகுமாறு சொல்லப்பட்ட இருவரையும் சேர்த்தால் ஒன்பது பேர். இவர்கள் அனைவரையும் நியமித்தவர் அன்றைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷே. அவர்களில் ஒருவரான நியூ மெக்சிகோ மாநிலத்தின் டேவிட் இக்லேசியசுக்கு அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய கட்சியைச் சேர்ந்த செனட்டர் பீட் டொமினிசியும் கடும் தேர்தல் போட்டியில் இருந்த கீழவை உறுப்பினர் ஹெதர் வில்சனும் தொலைபேசியில் பேசி, எதிர்க்கட்சியினர் தொடர்புடைய ஊழல் விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று வினவினர். தேர்தலுக்கு முன் குற்றப்பத்திரிகை வரவில்லை. சில வாரங்களில் இக்லேசியசின் பதவி போயிற்று. அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளரும் தொழில்நெறிப் பிரிவும் 2008 செப்டம்பரில் வெளியிட்ட கூட்டறிக்கை, அவரை நீக்கியதற்கு நியூ மெக்சிகோ அரசியல்வாதிகளின் புகார்களே காரணம் என்று முடிவு செய்தது.

அந்த ஊழல் வழக்கு பொய் வழக்கன்று. அதில் சிக்கிய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஒருவர் 2008இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மெய்யான குற்றமாயிற்றே, சற்று விரைவுபடுத்தச் சொன்னதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் நுட்பமான ஒன்றைத் தவறவிடுகின்றனர். சான்றுகள் முழுமையாகத் திரளுமுன், வாக்குப்பதிவு நாளைக் கணக்கிட்டுக் குற்றப்பத்திரிகை அளிக்கப்பட்டிருந்தால், மெய்யான குற்றமே அரசியல் பழிவாங்கலின் உருவத்தை எடுத்திருக்கும். குற்றவாளி தம்மைத் தியாகியாகக் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைத்திருக்காது. நீதிக்கு முதல் ஊறு தலையீட்டாளர் தண்டிக்க விரும்பிய அந்த வழக்கிலேயே நேர்ந்திருக்கும்.

அதிபர் பில் கிளின்டன் 1993இல் 93 பேரையும் ஒருசேர விலகச் சொல்லவில்லையா என்னும் வாதம் அப்போது ஓயாமல் எழுப்பப்பட்டது, இன்றும் எழுப்பப்படுகிறது. புதிய கட்சி ஆட்சிக்கு வரும்போது முந்தைய அதிபரின் நியமனங்கள் மாறுவது நெடுநாள் வழக்கம். எல்லோரையும் மாற்றுகையில், எந்த வழக்கைத் தொட்டதற்காக எவர் தண்டிக்கப்படுகிறார் என்னும் செய்தி எவருக்கும் போவதில்லை. ஆட்சியின் நடுவே சிலரை மட்டும் பொறுக்கி நீக்கும்போதுதான் எஞ்சியிருப்போர் அந்தச் செய்தியைப் படித்துக்கொள்கின்றனர். கிளின்டனின் நடவடிக்கையே, அவர் கட்சியின் செல்வாக்கு மிக்க கீழவை உறுப்பினர் டான் ராஸ்டென்கோவ்ஸ்கியைக் காப்பாற்றத்தான் என்று அன்று ஐயம் எழுந்தது. ஆனால் கிளின்டன் நியமித்த அரசு வழக்கறிஞர் எரிக் ஹோல்டரின் அலுவலகமே 1994இல் ராஸ்டென்கோவ்ஸ்கி மீது குற்றம் சாட்டியது. 1996இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நியமித்தவரின் கட்சியைச் சேர்ந்தவர்மீதே வழக்கு தொடர முடிந்தது என்பதே இரு நிகழ்வுகளுக்கும் இடையிலான தொலைவை அளந்து காட்டப் போதுமானது.

இந்த நம்பிக்கையை ஆதரிப்போரிடம் மதிக்கத்தக்க வாதம் ஒன்றும் உண்டு. தேர்தலால் தட்டிக்கேட்க முடியாத அதிகாரி தன்னாட்சி பெற்றுவிட்டால் கொடுங்கோலனாக மாறுவான். கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பை 1924 முதல் 1972இல் இறக்கும்வரை தலைமையேற்று நடத்திய ஜே. எட்கர் ஹூவரே அதற்குச் சான்று என்கின்றனர். ஹூவரின் கொடுமைகளை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவற்றை அதிபர்களின் கட்டுப்பாடு தடுத்ததில்லை. இரு கட்சி ஆட்சிகளும் அவரைத் தம் பயனுக்கு ஏவிக்கொண்டன. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963இல் ஒப்புதல் அளித்தவர், அதிபரின் உடன்பிறந்தவரும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி. பல்கலைக்கழகத் தலைவராக இருந்து அட்டர்னி ஜெனரல் ஆன எட்வர்ட் லெவி 1976இல் வகுத்த எழுத்து விதிகள்தாம் அவ்வமைப்பின் உளவுப் பணிக்கு வரம்பு கட்டின. பொறுப்புடைமையைத் தருவது விதியும் நாடாளுமன்ற மேற்பார்வையுமே என்பதற்கு ஹூவரின் வரலாறே சான்றாகிறது.

தலையீட்டை அமைச்சகத்துக்குள்ளிருந்தே மறுத்தவர்களும் உண்டு. 1973 அக்டோபர் 20ஆம் நாள் இரவு, வாட்டர்கேட் ஊழலை விசாரித்துத் தம் ஒலிநாடாக்களைத் தருமாறு கேட்ட சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்சை நீக்குமாறு அதிபர் ரிச்சர்ட் நிக்சன் இட்ட ஆணையை ஏற்காமல் அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனும் அவரது துணைவர் வில்லியம் ரக்கல்ஷாசும் பதவியிழந்தனர். 2025 பிப்ரவரியில், நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸ் மீதான ஊழல் வழக்கைக் கைவிடுமாறு அமைச்சகத்தின் மேலிடம் ஆணையிட்டபோது, அதே ஆட்சி அமர்த்திய இடைக்கால அரசு வழக்கறிஞர் டேனியல் சாசூன் மறுத்து விலகினார். அவர் ஸ்காலியாவிடமே உதவியாளராகப் பணியாற்றியவர். சான்றுகளின் வலிமையை மதிப்பிட்டு அம்முடிவு எடுக்கப்படவில்லை என்று அந்த ஆணையே கூறியது. வழக்கைத் தொடர்ந்து நடத்துமாறு அரசைக் கட்டாயப்படுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பதை நீதிபதி டேல் ஹோ ஏப்ரல் மாதத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மேயரின் தலைக்கு மேல் அந்த வழக்கு மிரட்டலாகத் தொங்காதபடி, மீண்டும் தொடுக்க முடியாத வகையில் அதைத் தள்ளுபடி செய்வது ஒன்றே அவரால் இயன்றது. நீதிமன்றம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்போர் இத்தீர்ப்பை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அதிபர் அமைச்சக அதிகாரிகளுடன் நடத்தும் உரையாடல்களுக்காக அவர்மீது குற்ற வழக்குத் தொடுக்க முடியாது என்று 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்த பின், வாட்டர்கேட்டைத் தொடர்ந்து எழுப்பப்பட்ட தடுப்புகளில் முக்கியமாக எஞ்சியிருப்பது வெள்ளை மாளிகைக்கும் அமைச்சகத்துக்கும் இடையிலான தொடர்புகளை வரையறுக்கும் சுற்றறிக்கைகளே. அவற்றைக் காக்கும் நிலையான சட்டம் எதுவுமில்லாததால், ஓர் அட்டர்னி ஜெனரல் எழுதியதை அடுத்தவர் ஒரே கையெழுத்தில் மாற்றிவிடலாம். இத்தொடர்புகளைப் பதிவேட்டில் குறித்து அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளரின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்னும் விதியைக் கொண்ட மசோதா ஒன்று 2021 டிசம்பரில் கீழவையில் நிறைவேறியது. செனட்டில் அது நிறைவேற்றப்படவில்லை.