ஸ்பீக்கர் உறுமினால் எர்த்தைப் பாருங்கள்



நம் மாவட்டத்தில் புதிதாகக் கட்டும் வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எங்கே போனாலும் ஹாலில் ஓர் ஆம்ப்ளிபையர், அதிலிருந்து மாடி அறைக்கு ஒரு வயர், அடுக்களையில் ஒரு ஸ்பீக்கர், படிப்புரையில் பெரியவர்களுக்காக இன்னொன்று. வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்தவர்கள் ஆசையாகச் செய்து வைக்கிற ஏற்பாடு இது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. காலையில் ரேடியோவைப் பாட விட்டுவிட்டு வேலை பார்த்துப் பழகிய ஊர் இது. வீடு முழுக்கப் பாட்டு கேட்க வேண்டும் என்று நாம் ஆசைப்படாமல் வேறு யார் ஆசைப்படுவார்கள்?

ஆனால் வயரெல்லாம் இழுத்து முடித்த பிறகு பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓர் உறுமலும் வருகிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. ராத்திரி வீடு அடங்கிய பிறகு இன்னும் நன்றாகக் கேட்கும். 'செட் சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். பல நேரங்களில் செட்டில் ஒரு குறையும் இருக்காது. குறை வீட்டு வயரிங்கில் இருக்கும்.

இதற்கு ஒரு கைவைத்தியம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. மூன்று பின் பிளக்கில் இருக்கும் பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னை, கழற்றிவிடுவது. அல்லது இரண்டு பின் அடாப்டர் போட்டு மாட்டுவது. உறுமல் நின்றுவிடும், உண்மைதான். அதனால்தான் இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எர்த் பின் எதற்கு? பெட்டிக்குள் கரண்ட் வயர் எங்காவது உரசி உலோக உடம்பில் பட்டால், அந்த மின்சாரம் மண்ணுக்குப் போய் பியூஸ் போவதற்கு. பின்னைக் கழற்றிவிட்டால் அது பெட்டியின் உடம்பிலேயே நிற்கும், நம் கை படும்வரை. பல அறைகளுக்கு வயர் போன வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். ஆடியோ கேபிளின் வெளிப்பின்னல் ஒரு பெட்டியின் உடம்பை இன்னொரு பெட்டியின் உடம்போடு சேர்க்கிறது. இரண்டிலும் எர்த் பின்னைக் கழற்றியிருந்தால், கீழே உள்ள பெட்டி பழுதாக, மாடியில் பாட்டு மாற்றப் போகும் பிள்ளைக்கு ஷாக் அடிக்கும். தரை துடைத்த ஈரம் காயாத நேரத்தில், வெறுங்காலோடு, யார் வேண்டுமானாலும் அந்தப் பெட்டியைத் தொடலாம் அல்லவா?

சரி, உறுமல் ஏன் வருகிறது? பழைய ஓட்டு வீட்டுக்கு ஓர் எர்த் குழி, பிறகு எடுத்த மாடிக்கு வேறொரு குழி என்று இருக்கும். இரண்டின் மின்னழுத்தமும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேல்குளத்துக்கும் கீழ்குளத்துக்கும் நடுவே ஓடை வெட்டினால் தண்ணீர் சும்மா நிற்குமா? கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் இழுத்த ஆடியோ கேபிள்தான் அந்த ஓடை. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அந்த அலைவு கேபிள் வழியே ஆம்ப்ளிபையருக்குள் போய் ஸ்பீக்கரில் கேட்கிறது. கேபிள் டி.வி. வயரும் இதே வேலையைச் செய்யும். அதன் எர்த் தெருவில் எங்கோ இருக்கிறது, உங்கள் வீட்டு எர்த் கொல்லையில் இருக்கிறது.

கண்டுபிடிக்க மெக்கானிக் வரவேண்டியதில்லை. முதலில் செட்-டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் டி.வி. வயரை மட்டும் உருவிப் பாருங்கள். நின்றுவிட்டதா? வழி அதுதான். அந்த வயரில் மாட்ட ஐசோலேட்டர் என்று ஒரு சிறு பொருள் கிடைக்கிறது. நிற்கவில்லையென்றால் ஆம்ப்ளிபையருக்கு வரும் ஆடியோ கேபிள்களை, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுங்கள். லேப்டாப்பிலிருந்து பாட்டு வருகிறது என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எதை எடுத்ததும் உறுமல் அடங்குகிறதோ, அந்த இடத்தில் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போடலாம். ஆப்டிக்கல் கேபிள் இன்னும் நல்லது. அதில் போவது ஒளி, எர்த்துக்கு அங்கே வேலையே இல்லை. மாடிக்கு மட்டும் வைஃபை ஸ்பீக்கர் வைத்துவிட்டால் வயரே வேண்டாம். எல்லாக் கேபிளையும் எடுத்த பிறகும் உறுமினால்தான் செட்டைச் சந்தேகப்பட வேண்டும். பழைய ஆம்ப்ளிபையரில் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும்.

செட் வாங்கும்போதே இரண்டு பின்னோடு வந்தால் பயப்பட வேண்டாம். பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எர்த் தேவைப்படாத வகையில் செய்யப்பட்டது.

வேறு சத்தங்களும் உண்டு. 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் என்றால், போனில் ஒலியைக் கூட்டி ஆம்ப்ளிபையரில் குறையுங்கள். 'கிர்ர்' என்று வந்தால் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. பல்பு, கரண்ட் போனதும் ஓடும் சதுர அலை இன்வெர்ட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். டிசம்பரில் நட்சத்திரமும் சீரியல் பல்பும் ஏற்றியதும் கேரல் பாட்டில் கிர்ர் கலந்தால், அவற்றை வேறு லைனில் மாட்டிப் பார்க்கலாம். முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றால் செம்பு பச்சை பூத்துவிடும். அங்கே பொரபொரப்புச் சத்தம் வந்தால் பின்களை கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவர் பூசுவதற்கு முன்பே சொல்லி, ஆடியோ கேபிளுக்குத் தனி பைப் போடச் செய்யுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே அதையும் திணித்துவிட்டால் பிறகு வரும் உறுமல் சுவரை உடைக்காமல் தீராது.

திரும்ப எர்த்துக்கே வருகிறேன், ஏனென்றால் அது பாட்டுப் பெட்டிக்கு மட்டும் உரியது அல்ல. கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து மழை ஓய்ந்த மாசி, பங்குனியில் எர்த் குழி காய்ந்துபோகிறது. காய்ந்த மண்ணில் மின்சாரம் எளிதில் இறங்காது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கல்மண்ணில் நிலைமை இன்னும் மோசம். அந்த மாதங்களில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அப்போதே, சாக்கெட்டில் எர்த் இல்லாததை மறைக்க நியூட்ரலை எர்த் பின்னோடு முடிந்து வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் உறுமல் வருவது மட்டுமல்ல, நியூட்ரல் அறுந்த அன்று அந்த சாக்கெட்டில் மாட்டிய பொருளின் உலோக உடம்பெல்லாம் ஷாக் அடிக்கும்.

மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். இருக்கிறதென்றால், அதில் உள்ள 'டி' (டெஸ்ட்) பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் சுவிட்ச் விழவேண்டும். விழாவிட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாமல் ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்