மண் மூடிய கிழங்கு



உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆந்தீஸ் மலைகளில் தோன்றிய பயிர். நம் நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் சல்லிவன் காலத்தில் நீலகிரியில் வேரூன்றியது. இரவு வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் நன்கு கிழங்கு கட்டும். வெப்பம் மிகுந்தால் இலை மட்டுமே செழிக்கும். ஆயினும் சமவெளியான நம் போளூரிலும் அதற்கு ஒரு குறுகிய காலம் உண்டு. மழை தணிந்த கார்த்திகையில் நட்டால், மார்கழி, தைப் பனியில் கிழங்கு விளையும்.

நிலமற்றோர்க்குப் பழைய சாக்கே போதும். நீர் வடிய அடியில் துளையிட்டு, மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து மூன்றில் ஒரு பங்கு நிரப்புக. முளைவிட்ட கிழங்கைப் புதைத்து, செடி உயர உயர மேலும் மண் அணைத்து வருக. நீர் தேங்கலாகாது. ஏறத்தாழ 90 நாளில் இலை பழுத்ததும் அகழலாம். மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருப்பதே கிழங்கு. அதன்மேல் வெளிச்சம் பட்டால் பச்சையேறி, சோலனின் என்னும் நஞ்சு மிகும், உண்ணத் தகாது.

சென்ற கார்த்திகையில் பங்கு இல்ல முற்றத்தில் இரண்டு சாக்குகளில் நட்டேன். வருவோர்க்கெல்லாம் காட்டும் ஆவலில் அடிக்கடி மண்ணை விலக்கினேன். மாசியில் அகழ்ந்தபோது மேலிருந்த கிழங்குகள் யாவும் பச்சை! அவற்றை எறிய நேர்ந்தது.

அவ்வேளை வேறொரு பிழை என் நெஞ்சை உறுத்தியது. ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி, தெருவில் பாவு விரிக்கவும் இயலாமல், பட்டு நெய்யும் குடும்பம் ஒன்று பசியால் வாடியது. அவர்களுக்கு அரிசி வழங்கியதை ஞாயிறு திருப்பலியில் பெயர் சொல்லி அறிவித்தேன். பிறரையும் ஈகைக்குத் தூண்டுவதே என் எண்ணம். ஆனால் அதன்பின் ஆலயத்தில் அவர்கள் அமரும் இடம் வெறுமையாகவே இருந்தது. நானோ, வேலை மிகுதி போலும் என்று வாளாவிருந்துவிட்டேன்.

அன்று மாலையே அவர்கள் இல்லம் சென்றேன். தறியருகே நின்ற தாய் தலைகுனிந்து சொன்னார்: "பசியைத் தாங்கினோம், சாமி. ஊரார் பார்வையைத் தாங்க முடியவில்லை." மன்னிப்பு வேண்டினேன். திருநீற்றுப் புதனன்று அவர்கள் திருப்பலிக்கு வந்தனர். அவர்கள் இசைவுடனேயே, பெயரின்றி இதனை எழுதுகிறேன்.

ஈகையை மறைவில் செய்யுமாறு ஆண்டவர் கற்பித்தது கொடுப்பவரின் செருக்கை அடக்க மட்டுமன்று. பெறுபவரின் மானத்தைக் காக்கவுமாகும். அன்பர்களே, அயலார்க்கு நீங்கள் அளிப்பதை மண்ணிட்டு மூடுங்கள். விளைவைக் காண்பவர் வானகத் தந்தை.