கடைப் பேரே விளம்பரம்தானே?
லண்டனில் டெஸ்கோ தன்ர பேரிலேயே வைன் விக்குது. எங்கட நாட்டுச் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் வைன் இருக்கு. நாளைக்கு அவையும் கடைப் பேரைப் போத்தலில் ஒட்டினால்?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடுக்குது. 21 வயது ஆகாதவருக்கு விக்கவும் ஏலாது. ஆனால் சீனிப் பையிலும் வைன் போத்தலிலும் ஒரே பேர் எண்டால், அந்தப் பையோட ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறுற பிள்ளைதான் விளம்பரப் பலகை. என்ர மாணவர் சிலர் கொப்பி கொண்டுவாறதும் அப்படிப் பையிலதான்.

எனக்கு மது ஹராம். குடிக்கிறவையோட சண்டைக்கு வரேல்லை. கள்ளுத் தவறணைக்காரனையும் இழுக்கேல்லை, அவன்ர பேரில ஆரும் பால்மா வாங்கிறதில்லை.

மதுப் போத்தலில் கடைப் பேருக்குத் தடை வேணும். ஆர் செய்தது, எங்க அடைச்சது எண்டு மூன்று மொழியிலும் பெரிசாப் போடவேணும். மதுவரித் திணைக்களத்துக்கு இப்பவே எழுதுவம். போத்தல் தட்டுக்கு வந்தாப் பிறகு கத்திப் பிரயோசனமில்லை.