தீராப் பிணி தீர்ந்த கதை

மஸ்கெலியாத் தோட்டங்களிலே பூனை வளராத லயத்தைக் காண்பது அரிது. அரிசி மூட்டையையும் மாப் பெட்டியையும் எலிகளினின்று காப்பது பூனை. அடைமழைக் காலத்தில் அடுப்படிச் சூட்டிற் சுருண்டு கிடந்து, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழனாவதும் அதுவே. ஆயினும், பசு நோயுற்றால் அரசாங்க மிருக வைத்தியரைத் தேடி ஓடும் நாம், பூனை நோயுற்றால் "அதன் விதி அவ்வளவுதான்" என்று வாளாவிருந்து விடுகின்றோம். பூனைக்கு வரும் கொடிய வைரஸ் நோய் ஒன்றையும், அதனை மனித அறிவு வென்ற வரலாற்றையும் இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

நோயின் குறிகளை முதலில் நோக்குவோம். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட இளம் பூனைகளையே இது பற்றுகின்றது. நேற்றுவரை துள்ளித் திரிந்த பூனை உணவை வெறுக்கின்றது. எம்மருந்துக்கும் தணியாத காய்ச்சல் தொடர்கின்றது. முதுகெலும்பு தெரிய உடல் மெலிய, வயிறு மட்டும் நாளுக்கு நாள் பருக்கின்றது. வயிற்றினுள்ளே தேங்குவது மஞ்சள் நிறமான, பிசுபிசுத்த நீர். நெஞ்சறையில் அந்நீர் தேங்கினால் மூச்சுத் திணறும். நீர் கோவாத வேறொரு வகையும் உண்டு. அது கண்ணையும் மூளையையும் தாக்கிப் பார்வையை மங்கச் செய்யும், நடையைத் தள்ளாடச் செய்யும். குடல்களைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வு அழலுவதால் வைத்தியர்கள் இதனைத் தொற்றுச் சவ்வழற்சி என்பர். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு எப்.ஐ.பி. என வழங்குவதே எங்கும் பெருவழக்கு.

இந்நோய்க்குக் காரணம் கொரோனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி. அப்பெயரைக் கேட்டதும் வாசகர் அஞ்ச வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டில் உலகை முடக்கிய கிருமி வேறு, இது வேறு; பூனையின் இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. பல பூனைகள் ஒருங்கே வாழுமிடங்களில் மலத்தின் வழியாக இக்கிருமி எளிதிற் பரவுகின்றது. பெரும்பாலான பூனைகளுக்கு அதனால் சிறிது கழிச்சல் உண்டாகும். அல்லது ஒன்றுமே நேராது. சில பூனைகளின் உடலில் மட்டும் அக்கிருமி தன் இயல்பு திரிந்து, குடலை விட்டு இரத்தத்தின் வெள்ளணுக்களுட் புகுந்து உடலெங்கும் பரவுகின்றது. சாதுவாயிருந்த கிருமி கொலைகாரனாவது அப்பொழுதுதான்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜீன் ஹோல்ஸ்வேர்த் என்னும் பெண் வைத்தியர் 1963ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு மருந்தில்லை. நோய் இதுவென்று தெரிந்தால், நாள்களை எண்ணுவதன்றி வைத்தியர் செய்யக்கூடியது யாதுமில்லை.

அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் என்னும் பேராசிரியர். தம் வாழ்நாளிற் பெரும் பகுதியை இந்த ஒரு நோயின் ஆராய்ச்சியிற் கழித்தவர் அவர். கிலியட் என்னும் மருந்து நிறுவனம் ஆக்கியிருந்த ஜி.எஸ். 441524 என்னும் பொருளை அவர் குழுவினர் சோதித்தனர். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது கண்ணி கண்ணியாக ஒரு சங்கிலியைக் கோக்கின்றது. அச்சங்கிலியில் இம்மருந்து பொய்க் கண்ணியாய்ப் புகுந்துவிட, மேற்கொண்டு கோவை நடவாது போகின்றது. இயற்கையாகவே நோயுற்ற 31 பூனைகளுக்கு மருந்தளித்த முடிவை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் 25 பூனைகள் நோய் நீங்கி நெடுநாள் வாழ்ந்தன. சாவு உறுதி என்றிருந்த நோயில் இது சிறு வெற்றியன்று.

ஆனால் அந்நிறுவனம் இதனைப் பூனை மருந்தாக விற்க முன்வரவில்லை. இதற்கு உடன்பிறப்பான ரெம்டெசிவிர் மனிதருக்குரிய மருந்தாக 2020இற் புகழ்பெற்றது. பூனை வளர்ப்போரோ கள்ளச்சந்தையிற் பெருவிலை கொடுத்து, புட்டியில் இருப்பது இன்னதென்று அறியாமலே வாங்கித் தம் கையால் ஊசி போட்டனர். 2021இல் பிரித்தானியாவிலும் 2024இல் அமெரிக்காவிலும் வைத்தியர் சீட்டுடன் முறைப்படி பெறும் வழி பிறந்தது. 84 நாள் மருந்து கொடுப்பது வழக்கம். 2024இல் ஜேர்மனியில் வெளியான ஆய்வொன்று, நீர் கோத்த வகைக்கு 42 நாளும் போதுமெனக் காட்டிற்று. அதிற் சேர்ந்த 40 பூனைகளுள் 38 பிழைத்தன.

சைப்பிரஸ் தீவின் செய்தியும் நாம் அறியத்தக்கது. அங்கே 2023இல் பூனைகளிடையே இந்நோய் கொள்ளைபோற் பரவிற்று. பூனைக் கிருமியும் நாய்க் கிருமியும் கலந்து பிறந்த புதுவகை அதற்குக் காரணமெனக் கண்டனர். மக்களுக்கென வாங்கி எஞ்சியிருந்த மொல்நுபிராவிர் என்னும் கொரோனா மாத்திரைகளை அவ்வரசு பூனைகளுக்கு வழங்க இசைந்தது.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். வயிறு பருத்த குட்டிகளெல்லாம் இந்நோயுற்றவை அல்ல. குடற்புழுவே பல வேளைகளிற் காரணம். அதற்கு மருந்து எளிது. ஆதலின் முடிவை நாமே கட்டாமல் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வயிற்று நீரில் ஒரு துளியை, வினாகிரி கலந்த தூய நீரில் அவர் விட்டுப் பார்ப்பார். துளி கரைந்து மறைந்தால் இந்நோயாயிருத்தல் அரிது. கரையாது திரண்டு நின்றால் ஐயம் வலுக்கும்; மேலும் சோதனை வேண்டும். நாட்டின் மிருக வைத்தியர்களைப் பயிற்றும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதன் போதனா வைத்தியசாலை நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை.

மனிதர் உண்ணும் காய்ச்சல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தல் கூடவே கூடாது. பரசிற்றமோல் மாத்திரையின் சிறு துண்டும் பூனையைக் கொல்லவல்லது.

எப்.ஐ.பி. மருந்தின் விலை நாட்சம்பளம் பெறும் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை என்பதை நாம் மறைக்கவில்லை. மருந்து கிடைக்குமா, செலவு எவ்வளவு என்று வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கமில்லை. இயலாதெனின், துன்பமின்றி அதன் உயிர் அடங்க வழி கேட்கலாம். சாக்கிற் கட்டித் தேயிலை மலையில் எறிவது மனிதத் தன்மையன்று. அதைப் பார்த்திருக்கும் பிள்ளையும் அக்கொடுமையையே கற்றுக்கொள்ளும்.

பெரிதும் செலவில்லாத காப்பு நம் கையிலேயே உண்டு. ஒரே காம்பராவில் பல பூனைகளை நெருக்கி வளர்த்தல் ஆகாது. அவை மலங்கழிக்கும் மண்ணை உண்ணும் தட்டுக்கு அருகில் வையாது, நாள்தோறும் அகற்றுக. குட்டிகள் பெருகாதபடி கருத்தடை செய்விக்க.

மாணவர்களுக்கு ஒரு சொல். தீராப் பிணி என்று ஏட்டிற் படிக்கும்போது, "இன்று வரை" என்ற இரு சொற்களை அதனுடன் சேர்த்துப் படியுங்கள். 1963இல் தீராதது 2019இல் தீர்ந்தது. இடையில் நின்றது ஐம்பத்தாறு ஆண்டுப் பொறுமை. அத்தகைய பொறுமைக்கு வேலை இன்னும் நிரம்ப இருக்கின்றது.