நோன்பு என்பது யாருடைய சொல்?

தமிழ்ப் பண்பாட்டின்மேல் இஸ்லாம் ஒட்டியது வெறும் மேற்பூச்சு, ஆட்சி போனதும் அதுவும் போயிற்று என்று எழுதிய நண்பருக்குக் கோலார் தங்கவயலிலிருந்து இந்தப் பதில்.

ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை எங்கள் தங்கவயல் பக்கத்தில்தான். அவர் ஆட்சி போய்விட்டது, உண்மை. 2001இல் தங்கச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். ஆனாலும் மளிகைக் கடையில் 'பாக்கி' எழுதுகிறோம். சீட்டுப் பணம் 'வசூல்' செய்கிறோம். பத்திரத்தில் 'அசல்', 'நகல்' பார்க்கிறோம். நான்கும் அரபுச் சொற்கள். நைஜீரியாவின் யொரூபா மக்கள் நலம் விசாரிக்கும் 'அலாஃபியா'வும் அரபி தந்ததே. அதனால் அவர்கள் யொரூபாக்கள் இல்லை என்றாகிவிடுமா?

பாக்கி, வசூல் எல்லாம் அரசு அலுவலகச் சொற்கள், ஆட்சி திணித்தவை என்பீர்கள். சரி, சீறாப்புராணத்தை எந்த நவாபு திணித்தார்? உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடினார். காப்பிய மரபுப்படி நாட்டுப்படலம் வைத்து, பாலை மண்ணான அரபு நாட்டிலே மழை பொழிய வைத்தார், ஆறு ஓட வைத்தார், வயல் விளைய வைத்தார். அயலான் செய்கிற வேலையா இது?

இன்னொன்று. உருதுக்காரர்கள் ரோஸா, நமாஸ், மஸ்ஜித் என்பார்கள். தமிழ் முஸ்லிமோ நோன்பு, தொழுகை, பள்ளிவாசல் என்கிறார். இறைவனோடு பேசும் இடத்திலேயே தமிழை வைத்திருப்பவரைப் பார்த்து 'மேற்பூச்சு' என்கிறீர்கள். எனக்கு வலிக்கிறது. நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவரை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?