எங்களிடம் கேட்டிருக்கலாம்

எங்கள் ஊரில் விளையாட்டுப் பயிற்சிக் கூடமாக இருந்த கட்டடம் இன்று பொலிஸ் நிலையம். வலைப்பந்துக் கம்பம் நின்ற மூலையில் முறைப்பாடு எழுதும் மேசை போட்டிருக்கிறார்கள். தரையில் வரைந்த கோடுகள் மட்டும் இன்னும் முழுதாக அழியவில்லை.

நான் குறைபட்டுக்கொண்டபோது வாப்பா, "ஊருக்குப் பொலிஸ் வேணும்தானே மகள்" என்றார். அவர் சொன்னது சரிதான். முன்பு பொலிஸ் நிலையம் ஒரு சிறிய வாடகை வீட்டில் இயங்கியது. முறைப்பாடு கொடுக்கப் போன ஒரு பெண்ணுக்குத் துணையாக உம்மா ஒருநாள் அங்கே போனார். வீட்டில் பட்ட அடிகளை அந்தப் பெண் விறாந்தையில் நின்று, போவோர் வருவோர் காதில் விழச் சொல்ல வேண்டியிருந்ததாம். இப்போது தனியாகப் பேச ஓர் அறை இருக்கிறது. அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால், கட்டடத்தை மாற்றச் சொன்ன காரணம் என்னை உறுத்துகிறது. "யாரும் பயன்படுத்துவதில்லை" என்றார்கள். கூரை ஒழுகுகிறது என்று பூட்டி வைத்த கூடத்தை யார் பயன்படுத்துவது? பூட்டும் வரை அஸர் தொழுகைக்குப் பின் நாங்கள் 14 பேர் அங்கே வலைப்பந்து பழகினோம்.

கூடம் மூடப்பட்டதும் ஆண்பிள்ளைகள் மட்டையோடு வயல்வெளிக்குப் போனார்கள். நாங்கள் வீட்டுக்குப் போனோம். நான்கு சுவரும் கூரையும் பயிற்றுவிக்க ஓர் ஆசிரியையும் இருந்ததால்தான் எங்களுக்கு அனுமதி கிடைத்தது. இன்று எங்களில் ஒருத்தி மட்டும் மொட்டைமாடியில், துணி காயாத நேரம் பார்த்துக் கயிறு பாய்கிறாள். ஒரே கட்டடம்தான் போனது. இழப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல.

ஹிஜாபுடன் ஆட சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இலும், கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் அனுமதி அளித்தன. 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்டப் போட்டியில் இலங்கை சம்பியனானது. அந்த அணியில் ஆடிய யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்துத்தான் எங்களில் பலர் பந்தைத் தொட்டோம். விதிகள் எங்களுக்கு இடம் கொடுத்துவிட்டன. ஊர்தான் இடம் கொடுக்கவில்லை.

விளையாட்டிடம் ஒன்று கைநழுவினால் எளிதில் திரும்பி வராது. போரில் சேதமடைந்த யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு, போர் முடிந்து 7 ஆண்டுகளின் பின், 2016இல்தான் இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது.

பொலிஸாரை வெளியேறச் சொல்லி நான் இதை எழுதவில்லை. ஒரு பொது இடத்தை மாற்றுமுன் அதை இழக்கப் போகிறவர்களிடமும் கேளுங்கள்; மாற்றிடத்தை முதலில் தாருங்கள் என்கிறேன். புதுக் கூடம் வரும் வரை, வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு பாடசாலை மண்டபத்தின் சாவியும் பொறுப்புக்கு ஓர் ஆசிரியையும் போதும். பெற்றோரே, நீங்கள் சேர்ந்து கேட்டால் அது கிடைக்கும். நாங்கள் கேட்டால் "படிக்கிற வேலையைப் பாருங்க" என்பார்கள்.

அன்று எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களும் பொலிஸ் நிலையம் வேண்டும் என்றே சொல்லியிருப்போம். கூடவே, "நாங்கள் எங்கே விளையாடுவது?" என்றும் கேட்டிருப்போம்.