காற்றோடு வீம்பு வேண்டாம்!

கடலில் புயல் சின்னம் உருவானால், காட்டுப்பள்ளி துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். கூண்டு ஏறியது தெரிந்ததும் மீனவர் படகைக் கரையேற்றிவிட்டு வீட்டில் இருந்து விடுகிறார். "பயந்தாங்கொள்ளி" என்று அவரை யாரும் கேலி செய்வதில்லை. "விவரம் தெரிந்தவர்" என்றுதான் சொல்கிறார்கள்.

கடல் காற்றுக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை ஆகாயத்துக் காற்றுக்கும் கொடுக்க வேண்டாமா?

என்ஜின் இல்லாத விமானம்

கிளைடர் என்று ஒரு விமானம் உண்டு. அதற்கு என்ஜின் கிடையாது. நீண்ட கயிற்றால் இழுத்தோ, வேறு விமானத்தின் பின்னால் கட்டியோ மேலே ஏற்றுவார்கள். கயிற்றை விட்டதும் பருந்து போல மிதந்து வரும். பார்க்க அழகுதான். ஆனால், இறங்கும்போதுதான் ஆபத்து!

காற்று எதிரே வந்தால் நல்லது. மெதுவாக இறங்கலாம். பக்கவாட்டில் அடித்தால் தொல்லை. ஓடுபாதையை விட்டு ஒதுக்கித் தள்ளிவிடும்.

ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் என்ன செய்கிறார்? வெள்ளம் இழுக்கும் என்று தெரிந்து, ஓடத்தின் முனையை வெள்ளம் வருகிற பக்கமாகத் திருப்பி வைத்துக் கொள்கிறார். விமானியும் அப்படியே மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பிக் கொண்டு வருகிறார். தரையைத் தொடும் நேரத்தில் அதை நேராக்க வேண்டும். முந்தினாலும் வம்பு. பிந்தினாலும் வம்பு.

காற்று ஒரே சீராக அடித்தால் சமாளித்து விடலாம். விட்டுவிட்டுக் குப்பென்று வீசினால்? ஒரு கணம் தூக்கும். மறு கணம் கைவிடும். கிளைடரின் இறக்கை மிக நீளமானது. அதன் நுனி தரையில் தட்டினால், விமானம் பம்பரம்போலச் சுழன்று விடும்.

அனுபவம் காப்பாற்றவில்லை

ஓட்டோ லிலியந்தால் ஜெர்மனியைச் சேர்ந்தவர். கிளைடர் பறத்தலுக்கு முன்னோடி. 2,000 தடவை பறந்தவர். 1896-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி அவர் பறந்து கொண்டிருந்தபோது காற்று ஏமாற்றியது. சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. மறுநாள் இறந்து போனார்.

சென்னையில் நடந்தது

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் மிரட்டியது. மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் சென்னையில் இறங்க முயன்றது. ஓடுபாதையை நெருங்கிய நேரத்தில் ஆடிச் சாய்ந்தது. விமானி என்ன செய்தார்? வீம்பு பிடிக்கவில்லை. மறுபடியும் மேலே கிளம்பி விட்டார். உயிர்கள் தப்பின.

அந்த விமானத்துக்கு என்ஜின் இருந்தது. கிளைடருக்கு இல்லையே! இறங்க ஒரே ஒரு வாய்ப்புதான். ஆகவே, கிளைடர் விமானி "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடம் ஆகாயம் அல்ல, தரை! திடலில் பறக்கும் காற்றுப் பையைப் பார்த்து, கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

நமக்கு என்ன?

"நாங்களா கிளைடர் ஓட்டப் போகிறோம்?" என்று கேட்கலாம். விடுமுறைக்கு மலை ஊர்களுக்குப் போகிறோம். பெரிய குடையில் மிதக்கும் பாராகிளைடிங்கைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அதற்கும் என்ஜின் இல்லை. இதே காற்று, இதே ஆபத்து.

"இன்று காற்று சரியில்லை" என்று நடத்துகிறவர் சொன்னால், "இவ்வளவு தூரம் வந்தோமே!" என்று சண்டை போடாதீர்கள். அவர் சொல்லாவிட்டால், "காற்று எப்படி?" என்று நீங்கள் கேளுங்கள். பதிலுக்கு முகம் சுளித்தால், பிள்ளையின் கையைப் பிடித்துத் திரும்பி விடுங்கள்.

பறக்கவே கூடாது என்று சொல்லவில்லை. படகைக் கரையேற்றிய மீனவர், கூண்டு இறங்கியதும் கடலுக்குப் போகிறார். போவதற்கு அவர் உயிரோடு இருக்கிறார்!